பரப்பி வைத்த கடை

மூடிப்போன ஒரு கடையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், போய்ப் பார்த்தவர்கள் "அழகான கடைங்க அது" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இடத்தில்தான் உறுத்துகிறது. பித்தளையும் தேக்கும் பீங்கானும் காரைக்குடியில் எங்கே இல்லை? முனீஸ்வரன் கோயில் தெருவில் நுழைந்தால் கடைக்குக் கடை குவியல். எனாமல் மூடிகள் ஒரு கூடை, பூட்டுகள் ஒரு கூடை, கால் உடைந்த நாற்காலிக்கு மேல் கைப்பிடி இல்லாத நாற்காலி. அங்கேயும் அழகு உண்டு, புதையல் தோண்டுகிறவனுக்குக் கிடைக்கும் அழகு. ஆனால் இந்தக் கடை, ஒரு பழைய நகரத்தார் வீட்டின் முகப்பில் தொடங்கிப் பின்கட்டு வரைக்கும் பரவியிருந்த வீட்டுச் சாமான், தோட்டச் சாமான் கடை. அங்கிருந்த சரக்கு தெருக்கடை ஒன்றின் பாதிகூடத் தேறாது. அதே உருளிதான், அதே ஜாடிதான். பிறகு எதைத்தான் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள்?

விளக்கு, வெளிச்சம், பழைய வீடு என்று பதில் சொல்லிவிடலாம். செட்டிநாட்டில் இப்போது எத்தனையோ வீடுகள் விடுதியாகிவிட்டன, வெளிச்சத்துக்கும் தூணுக்கும் பஞ்சமில்லை. வாசலில் உருளி வைத்து அதில் பிளாஸ்டிக் தாமரை மிதக்கவிடுகிறார்கள். அதைப் பார்த்து யாரும் பத்து வருஷம் கழித்து நினைவுகூரப் போவதில்லை.

எது எங்கே இருந்தது

முகப்புக்குள் நுழைந்ததும் கண்டாங்கி. அரக்கும் மஞ்சளும் கருப்பும் கட்டமிட்ட தடித்த பருத்தி, புடவையாகவும், திண்டு உறையாகத் தைத்தும். அதற்குப் பக்கத்தில் கொட்டான்கள், பனையோலையில் பின்னிய கூடைகள். அடுத்துப் பட்டாலை என்கிற கூடத்தில் மரச்சாமானும் படங்களும். வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் உலோகம்: இரும்பு தனி, பித்தளை தனி, வெண்கலம் தனி. வானம் பார்த்த நடுமுற்றத்தில் கல். பின்கட்டில், கிணற்றடியில், மண்தொட்டிகளும் செடிகளும். கண்ணுக்காகச் செய்த வரிசை என்று முதலில் தோன்றும். இரண்டு மூன்று முறை போனவர்களுக்குத்தான் விளங்கியிருக்கும், எது எங்கே என்பதை ஈரமும் வெயிலும் எடையும் முடிவு செய்திருந்தன.

கொட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஒரே அகலத்தில் கீற்றாகக் கிழித்து, சாயத்தண்ணீரில் கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்திப் பின்னுவது. நேர்வெயில் விழுந்தால் சாயம் வெளுக்கும், அதோடு ஓலை மொறுமொறுத்து மடிப்பு மடிப்பாக விரியும். மூடிய அலமாரியில் வைத்தாலோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாம்பல் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். காற்று வேண்டும், வெயில் கூடாது, சாரல் எட்டக் கூடாது. அந்த வீட்டில் இந்த மூன்றுக்கும் பொருந்திய இடம் முகப்பின் உள்சுவரோரம் ஒன்றுதான், அங்கேதான் கொட்டான் இருந்தது. பூஞ்சை பிடித்துவிட்டால் தண்ணீரில் கழுவுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. காய்ந்த தூரிகையால் தட்டி, பிழிந்த துணியால் ஒரு முறை துடைத்து, இரண்டு நாள் நிழற்காற்றில் விட்டால் போதும். உள்ளே ஒரு துண்டு வசம்பு போட்டு வைத்தால் பூச்சி அண்டாது.

சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பல அடுக்காக ஏற்றுவது, கடைசி அடுக்கில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்துப் பளபளப்பாக்குவது. அதில் ஆணி அடித்தால் ஓட்டை மட்டும் விழாது, மேலடுக்கு தட்டு அகலத்துக்குச் சில்லாகப் பெயர்ந்துவரும். பெயர்ந்த இடத்தைச் சிமென்ட் வைத்து அடைத்தால் சுவரின் ஈரம் அந்த இடத்தில் வெளியேற வழியின்றிச் சுற்றியுள்ள சுண்ணாம்பைப் பொடியாக்கும், ஒரு வருஷத்தில் ஓட்டை இரண்டு மடங்காகிவிடும். சுண்ணாம்பைச் சுண்ணாம்பால்தான் அடைக்க முடியும். ஆகவே கடையில் படங்கள் எல்லாம் விட்டத்திலிருந்து கம்பியில் தொங்கின. 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் லட்சுமி, சரஸ்வதி படங்கள் உயரத்தில், மேல்பக்கம் முன்னால் சாய்ந்தபடி. கீழே நிற்பவர் கண்ணில் கண்ணாடி கூசாமல் இருக்க அந்தக் காலத்து வீடுகளில் மாட்டிய முறை அதுதான். படத்தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது லட்சுமியின் முகம் உரிந்துவரும்.

இந்த ஒழுங்கைக் கடைக்காரர் எங்கும் போய்ப் படித்து வந்ததாகத் தெரியவில்லை. படிக்க வேண்டியதும் இல்லை. நகரத்தார் கல்யாணத்தில் சாமான் பரப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்கள் அத்தனையையும் வளவில் இனம் இனமாகப் பரப்பி வைப்பார்கள், உறவு முழுக்க வந்து பார்க்கும். அதன் பின்னால் இருக்கிற சமூகக் கணக்கு வேறு, அதை நான் கொண்டாடவில்லை. ஆனால் பார்க்கும் கண் ஒன்று அங்கே தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறது: பெரியது பின்னால், சிறியது முன்னால், மூடியும் பாத்திரமும் பிரியாமல், அடுக்கு குலையாமல். கடையிலும் அதேதான். ஒரு படி மேலே போய், ஒரே விலாசம் வெட்டிய பாத்திரங்களைக் கடையில் பிரித்து வைக்கவில்லை. செட்டிநாட்டில் விலாசம் என்றால் முகவரி அல்ல, குடும்பத்தின் தலைப்பெழுத்துகள். குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய அந்த எழுத்துகளைப் பார்த்து, ஒரு வீட்டிலிருந்து வந்த குடம், தவலை, செம்பு, தாம்பாளம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. தெருக்கடையில் இந்த நான்கும் நான்கு கூடைக்குப் போயிருக்கும்.

விலைக்கு முன்னால் ஒரு கேள்வி

கடையை நடத்தியவர் ஓர் ஆச்சி. எதற்கு விலை கேட்டாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதுல என்ன வைக்கப் போறிய?"

இந்தக் கேள்வியை வியாபாரத் தந்திரம் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆளுக்குத் தக்க விலை சொல்வதற்காகக் கேட்கிறார் என்று. ஒரு தம்பதியுடன் நடந்த பேரம் அதற்கு நேர்மாறாக இருந்தது. பதினெட்டு அங்குல வாயுள்ள வெண்கல உருளி ஒன்றை அவர்கள் விலை கேட்டார்கள். வழக்கமான கேள்வி வந்தது. "செடி வைக்கப் போறோம் ஆச்சி, அடியில ஒரு ஓட்டை போட்டுக்குவோம்" என்றார் அந்தப் பெண்.

"ஓட்டை போட்டா அது உருளியும் இல்ல, தொட்டியும் இல்ல ஆத்தா" என்று ஆச்சி சொன்னது பேரத்தின் முடிவு. ஆனால் பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வெண்கலம் வார்ப்பு உலோகம், இரும்புத் தகடு மாதிரி வளைந்து கொடுக்காது. துளை போடும்போது அதிர்ந்தால் விளிம்பு வரைக்கும் கீறல் ஓடும். கீறல் விழுந்த உருளியைத் தட்டினால் மணிச்சத்தம் போய் ஓட்டைச் சத்தம் வரும், அதன் பிறகு பழைய உலோக எடைக்குத்தான் போகும். துளை நன்றாக விழுந்தாலும், ஈரமண்ணும் உரத்து உப்பும் சேர்ந்து ஒரே பருவத்தில் உள்பக்கம் பச்சைக் களிம்பு கட்டும், அந்தச் செம்புக் களிம்பு வேருக்கு ஆகாது. துளை போடாமல் நேரே மண் கொட்டினால் வேர் அழுகும். உருளியில் பச்சை தெரிந்தே ஆக வேண்டும் என்றால் வழி ஒன்று உண்டு: செடி சாதாரணத் தொட்டியில் இருக்கட்டும், உருளிக்குள் இரண்டு செங்கல் துண்டு வைத்து அதன்மேல் தொட்டியை வையுங்கள், தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்கு வெளியே எடுத்து ஊற்றி, அரை மணி நேரம் வடியவிட்டுத் திரும்ப வையுங்கள். பூ மிதக்கவிடுவதானால் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். கொசுவுக்காக மீன் விட நினைக்காதீர்கள், செம்பு கரைந்த தண்ணீரில் மீன் பிழைக்காது. மீன் வேண்டுமானால் கல்தொட்டி. இதையெல்லாம் சொல்லிவிட்டு, பின்கட்டுக்குக் கூட்டிப்போய், உருளி விலையில் சின்னப் பங்குகூட வராத மானாமதுரை மண்தொட்டி இரண்டைக் கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு கடையைச் சுற்றி வந்தால் வேறு ஏதோ கண்ணில் பட்டது. உருளிக்குப் பக்கத்தில் ஒரு கொத்துத் தேங்காய் நாரும் பழம்புளி உருண்டையும். இரும்புச் சட்டிக்குப் பக்கத்தில் நல்லெண்ணெய்க் கிண்ணமும் துணியும். மரப்பெட்டியின் மேல் மெழுகு டப்பி. கல்தொட்டியின் விளிம்பில் ஆற்றுச் சரளை ஒரு கை. அலங்காரம் என்று எண்ணிக் கடந்துபோனவை எல்லாம் அந்தந்தச் சாமான் பிழைத்திருக்கத் தேவையானவை. ஒவ்வொரு பொருளும் தனக்கு வேண்டியதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான் அந்த அழகு. இணையத்தில் வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கிற உருளியின் போட்டோவைப் பார்க்கும்போது ஏதோ குறைகிறதே என்று தோன்றுமே, குறைவது அந்த நார்க்கொத்துதான்.

ஈயமும் ஈயமும்

உலோக வரிசையில் ஆச்சி ஒருவரையும் சும்மா விடாத இடம் ஈயச்சொம்பு. ரசத்துக்கு என்று ஆசையாக வாங்கிப்போய் முதல் நாளே உருக்கிவிடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சொம்பு செய்கிற வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே ரசம் இருக்கிறவரை உலோகம் கொதிநிலையை ஒட்டியே நிற்கும், ஒன்றும் ஆகாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனால், திரும்பி வருவதற்குள் அடி ஒழுகியிருக்கும். தாளிப்பை அதில் செய்யக் கூடாது, கடுகு வெடிக்கிற எண்ணெய்ச் சூடு அதற்கு மிக அருகில் வந்துவிடும். தண்ணீர் ஊற்றிய பிறகு அடுப்பு, அடுப்பை அணைத்த பிறகு தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து கொட்டுவது. சுடர் சொம்பின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக் கூடாது, ரசம் இல்லாத கழுத்துப் பகுதிதான் முதலில் தளரும்.

பெயரில் இருக்கிற குழப்பம்தான் பெரிய ஆபத்து. வெள்ளீயம் ஒன்று, காரீயம் வேறு. காரீயம் நஞ்சு. விலையும் மிகக் குறைவு என்பதால் கலப்பவர்கள் கலக்கிறார்கள். கையில் எடுத்துப் பார்க்க இரண்டு வழி உண்டு. வெள்ளைத்தாளில் சொம்பின் அடி விளிம்பைத் தேய்த்தால் பென்சில் கோடு மாதிரிச் சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். பூசுவதற்கான ஈயக்குச்சியானால் காதருகே வைத்து வளைத்துப் பாருங்கள், சுத்தமான வெள்ளீயம் வளையும்போது கரகரவென்று முனகும். காரீயம் சத்தமில்லாமல் வளையும். இவை கைப்பழக்கச் சோதனைகள், ஆய்வகத்துக்கு ஈடாகாது. சந்தேகம் இருந்தால் அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், அடுப்பில் ஏற்றாதீர்கள்.

பித்தளைக்கு ஈயம் பூசுவது ஊர்களில் அருகிப்போன வேலை, ஆனால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாத்திரத்தை மணலும் அமிலமும் போட்டுத் தேய்த்து உள்ளே பழைய பூச்சும் கறையும் போக்குவது முதல் வேலை. ஒரு கட்டைவிரல் அளவு எண்ணெய்ப்பசை இருந்தாலும் அந்த இடத்தில் ஈயம் பிடிக்காது, பிறகு அங்கேதான் களிம்பு கிளம்பும். கரியடுப்பில் பாத்திரத்தைச் சுழற்றிச் சுழற்றிச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவினால் வெள்ளைப் புகை எழும். அந்தப் புகைதான் உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கிளப்புகிறது. உடனே ஈயக்குச்சியால் ஒரு இழுப்பு, பஞ்சுத்துணியால் ஒரே வீச்சில் பரப்பல், பின் தண்ணீரில் அமிழ்த்தல். சூடு குறைந்தால் ஈயம் திட்டுத் திட்டாக நிற்கும், மிஞ்சினால் நிறம் மஞ்சளித்து எரிந்துபோகும். வீட்டில் அந்தப் பாத்திரத்தை எஃகு நாரால் தேய்த்தால் சில மாதத்தில் பித்தளை எட்டிப் பார்க்கும். சாம்பலும் தேங்காய் நாரும் போதும். மஞ்சள் தெரியத் தொடங்கிய பாத்திரத்தில் புளி, தயிர், தக்காளி எதுவும் வைக்கக் கூடாது. வெண்கலத்துக்குப் பூச்சு தேவையில்லை என்றாலும், புளிக்குழம்பை அதில் இரவு முழுக்க விட்டுவைக்கக் கூடாது. சூடான வெண்கலப் பானையில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் கீறல் விழும்.

எனாமல் சாமானுக்கு இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. அடியில் ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று முத்திரை இருக்கும் தூக்குகளும் பேசின்களும் பர்மா, மலேயா வியாபாரக் காலத்தில் கப்பலேறி வந்தவை. அடர்ந்த சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுப் பூச்சுகளில் காட்மியமும் காரீயமும் இருக்கக்கூடும், ஆகவே அவை பழம், காய் கொட்டி வைக்க. பூச்சு சில்லாகத் தெறித்த இடத்தில் துரு வரும், அந்த இடத்தை நன்றாக உலர்த்தித் தேங்காய் எண்ணெய் தொட்டுவைத்தால் பரவாது.

பின்கட்டு

தோட்டம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு செட்டிநாட்டுக்கு வந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். செம்மண், சரளை, உப்புத்தண்ணீர், பங்குனியிலேயே தொடங்கும் வெயில். பெரிய வீடுகளுக்கு முன்னால் பூந்தோட்டம் போடுகிற வழக்கமும் இல்லை, தெருவிலிருந்து நேரே படியேறித் திண்ணை. பச்சை என்றால் பின்கட்டில், கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில்தான். நந்தியாவட்டை, செம்பருத்தி, பவளமல்லி, அரளி, ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை. கடை இந்தப் பட்டியலைத் தாண்டவேயில்லை. வெளிநாட்டுச் செடி கேட்டு வருகிறவர்களிடம் "ஒங்க ஊருக்குக் கொண்டுபோனாப் பொழைக்கும், இங்க நான் வச்சிருந்தா ஒங்களுக்குச் செத்த செடியத்தான் குடுப்பேன்" என்று ஆச்சி சொல்லியிருக்கிறார்.

மானாமதுரைத் தொட்டியை வாங்கினதும் மண் போடக் கூடாது. ஒரு ராத்திரி தண்ணீரில் முழுக்க ஊறவிட வேண்டும். காய்ந்த சுட்டமண் முதல் ஒரு வாரம் செடிக்கு ஊற்றுகிற தண்ணீரைத் தானே குடித்துவிடும், செடி வாடியதற்குக் காரணம் தெரியாமல் மேலும் மேலும் ஊற்றி வேரை அழுகவிடுவார்கள். ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு கவிழ்த்து வைத்தால் போதும். அடியில் அரையடிக்கு ஜல்லி நிரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது வேறு. மேலிருக்கும் நுண்ணிய மண் தன் ஈரத்தை ஜல்லிக்குள் சுலபமாக விடாது, ஈரம் தேங்குகிற மட்டம் வேருக்கு அருகில் ஏறி வந்துவிடும். கலவை: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. செம்மண் மட்டும் போட்டால் இரண்டு மாதத்தில் செங்கல்லாக இறுகிச் சுருங்கும். தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் விழுந்த இடுக்கு வழியே தண்ணீர் நேரே கீழே ஓடிவிடும், அடியில் ஒழுகுவதைப் பார்த்து நனைந்துவிட்டது என்று நினைப்போம், நடுவே வேர்க்கட்டி காய்ந்தே கிடக்கும். அப்படி ஆன தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி, குமிழி நிற்கும்வரை விட்டு எடுக்க வேண்டும். மேலே ஒன்றரை அங்குலமாவது மண் இல்லாமல் விடுங்கள், தண்ணீர் நின்று இறங்க இடம் வேண்டும்.

வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூப்பது கிணற்றுத் தண்ணீரின் வேலை. காடி கலந்த தண்ணீரால் துடைத்தால் போகும், திரும்ப வரும். ஆச்சி அதைத் துடைக்காமலேதான் வைத்திருந்தார், பழைய தொட்டிக்கு அது ஒரு நிறம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, மண்தொட்டிக்குப் பெயின்ட் அடிப்பவர்களை மட்டும் மன்னிக்க முடியவில்லை. பெயின்ட் மண்ணின் துளைகளை அடைத்துவிட்டால் மண்தொட்டி வாங்கியதற்கே அர்த்தமில்லை, உள்ளிருக்கும் ஈரம் பெயின்ட்டைக் கொப்புளமாகத் தள்ளி உரிக்கவும் செய்யும்.

கல்தொட்டி கேட்பவர்களிடம் கேள்வி இரண்டாகிவிடும்: என்ன வைக்கப் போறிய, எங்க வைக்கப் போறிய. கருங்கல் கன அடிக்கு ஏறக்குறைய 75 கிலோ. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் குழிவு போக நிற்கிற கல்லே 140 கிலோ வரும், தண்ணீர் இன்னொரு 32 கிலோ. மொட்டைமாடியின் நடுவில் இதை வைப்பது பயித்தியக்காரத்தனம், வைத்தே தீர வேண்டுமானால் சுவரோ உத்திரமோ தாங்குகிற இடத்தில், ஒரு பொறியாளரிடம் கேட்டுவிட்டு. அல்லி வைக்க ஓட்டையில்லாத தொட்டி நல்லது. கிழங்கை ஒரு அகன்ற மண்சட்டியில் களிமண் கலந்த தோட்ட மண்ணில் சாய்த்து நட்டு, மேலே ஒரு விரற்கடை சரளை பரப்பி, மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். எருவோ தேங்காய் நார்த்தூளோ போட்டால் மிதந்து வந்து தண்ணீரைத் தேநீராக்கிவிடும். ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் இல்லாவிட்டால் இலை மட்டும்தான், பூ கிடைக்காது. நான்கைந்து கப்பி மீன் விட்டால் கொசுப்புழு மிஞ்சாது. புதிதாகச் செதுக்கிய தொட்டியாக இருந்தால் கல்பொடி அடங்க இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகே மீன்.

எங்கிருந்து வந்தது

பழைய சாமான் வாங்குகிறவர்கள் பயப்படுவது போலிக்கு. பயப்பட வேண்டியதுதான், ஆனால் கண்டுபிடிப்பது ஒன்றும் வித்தையில்லை. கை பட்ட இடத்திலும் தரையில் உரசிய இடத்திலும்தான் நிஜத் தேய்மானம் இருக்கும்: குடத்தின் அடி விளிம்பு, தாம்பாளத்தின் நடு, இழுப்பறையின் கீழ்ச்சட்டம். அமிலம் பூசிப் பழசாக்கிய பித்தளையில் பச்சை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். மேசை என்றால் இழுப்பறையை வெளியே எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். வட்ட ரம்பத்தின் வளைகோடுகளும் புது ஆணித்தலைகளும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும், யாரும் பின்பக்கத்தைப் பழசாக்க மெனக்கெடுவதில்லை. பளபளவென்று மின்னுகிற பித்தளையில் புளி வேலை செய்யவில்லையென்றால் மேலே லாக்கர் என்கிற நிறமில்லாத மெருகுப் பூச்சு பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அது அடுப்புக்கு ஆகாது.

நிஜத்துக்கு ஏன் யாரும் பயப்படுவதில்லை என்பதுதான் எனக்கு விளங்காதது. நகரத்தார் தொழில் நடத்திய பர்மாவில் 1948இல் நிலங்கள் நாட்டுடைமையானதும், 1962இல் ராணுவ ஆட்சி வந்ததும் இந்த ஊர்களின் வரவு நின்றுபோனது. வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்கு என்றானபோது ஓடு மாற்றக்கூட ஒருமனப்பட முடியாமல், கடைசியில் இடித்துப் பிரித்துக்கொள்வதே சுலபமாயிற்று. தூண் ஒரு லாரி, கதவு ஒரு லாரி. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறியதால் கடப்பாரை நின்றுவிடவில்லை. ஒரு அழகான நிலைக்கதவு கடையில் நிற்கிறது என்றால் எங்கோ ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. ஆச்சி கடையில் தூணும் நிலைக்கதவும் இல்லை. கொண்டுவந்து காட்டிய தரகர்களிடம் அவர் சொன்னது இது: "வீடு நிக்கிற மட்டும் தூணு நிக்கட்டும்." ஏற்கெனவே விழுந்துவிட்ட வீட்டுத் தூண் என்றாலும் வாங்கவில்லை, ஒன்றை வாங்கினால் அடுத்ததை விழவைத்துக் கொண்டுவருவார்கள் என்பது அவர் கணக்கு. புழங்குகிற சாமான் மட்டும், அதுவும் கொடுப்பவர் யாரென்று தெரிந்தால்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், கைவினைப்பொருள் போன்றவற்றைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. மதிப்புள்ள சுவடி, கையெழுத்துப்படி என்றால் எழுபத்தைந்து ஆண்டே போதும். தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் பெட்டியைப் பிரித்து நிற்க வேண்டியிருக்காது. "அதெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று சொல்கிற கடையில் எதையும் வாங்காதீர்கள்.

தரை

வந்தவர்கள் கடைசியில் கேட்பது, விற்பனைக்கு இல்லாத ஒன்றை: "இந்தத் தரைக்கல்லு எங்க கிடைக்கும்?" ஆச்சி ஆத்தங்குடிக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார். அங்கே கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, பூவேலை அச்சின் பள்ளங்களில் ஆக்சைடு நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு ஈரக்கலவையை வைத்து மட்டம் தட்டுகிறார்கள். அடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறல், பின் உலர்த்தல். சூளைக்கே போவதில்லை. உலர்ந்ததும் கண்ணாடி தானே விடும், கண்ணாடியின் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். பதிக்கும்போது மேலே சிந்திய சிமென்ட்டை அன்றைக்கே துடைக்காவிட்டால் பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும், சுரண்டினால் நிறம் போகும். கறைக்கு அமிலம் ஊற்றினால் முடிந்தது கதை. சிமென்ட்டைத்தான் அமிலம் தின்னும், நிறம் சிமென்ட்டோடு கலந்திருக்கிறது. உமி போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பதே பழைய வழி. மீதிப் பளபளப்பை நடக்கிற கால்கள் கொடுக்கும். புதுத் தரை மங்கலாக இருக்கிறதே என்று மெழுகு பூசுகிறவர்கள் பொறுமையில்லாதவர்கள்.

கடை மூடியபோது சாமான்கள் ஒரே வாரத்தில் போய்விட்டன. விலாசம் விலாசமாக வைத்திருந்தவை அப்படியே போனதா, பிரிந்து போனதா என்று கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது முகப்புக் கதவு திறந்திருக்கிற நாளில் எட்டிப் பார்த்தால் தரை மட்டும் தெரிகிறது. ஆட்கள் நடந்து நடந்து கண்ணாடியான பாதை ஒன்று முகப்பிலிருந்து பட்டாலை வழியாக வளவைச் சுற்றிப் பின்கட்டுக்குப் போகிறது. அதன் இரண்டு பக்கமும், சாமான் நின்ற இடமெல்லாம், கால் படாத மங்கல் கட்டங்கள். சுவரோரம் நீளமாக இருப்பது கொட்டான் பெஞ்சு. தூணடியில் வட்டமாக மூன்று இருக்கின்றன, பெரியது பின்னால், சிறியது முன்னால்.